மீன் தராசில்

பெய்னிர் தராசைக் கழுவிவிட்டுத்தான் தந்தான்.
ஆனாலும் காட் மீன் வாடை.
பெரிய லென்ஸோடு சேர்த்து
இரண்டு கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு.
"தலையும் குடலும் எடுத்த பிறகா?" என்றான்.

மூன்று நாள் இரவல்.
திங்களன்று தோர்ஸ்ஹவ்னில் கடை திறக்கும்போது
மேசைமேல் வந்துவிட வேண்டும்,
பணமாகவோ பெட்டியாகவோ.
விலையைச் சொன்னேன்.
"எத்தனை குதிரைத்திறன்?" என்று கேட்டான் என் தம்பி.
அவனுக்கு எல்லாப் பெரிய தொகையும் படகு எஞ்சின்.

உள்ளே கண்ணாடி கிடையாது.
என் பழைய கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும்
யாரோ கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துவார்கள்.
இதில் நாக்கால் ஒரு 'ச்',
அதுவும் வேண்டாமென்றால் அணைத்துவிடலாம்.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்ன சென்சார்.
பத்துக் கோடிப் புள்ளிகள்.
எங்கள் தீவுகள் எல்லாவற்றிலும் சேர்த்து
ஆள் ஐம்பத்துச் சொச்சம் ஆயிரம்.
தலைக்கு ஆயிரத்தெண்ணூறு கொடுத்தாலும்
மிச்சம் ஆடுகளுக்கு இருக்கும்.

நான் எடுப்பதோ
பாஸ்போர்ட் முகங்கள்,
சால்மன் கம்பெனியின் அட்டைப்பெட்டிக்கு ஒரு மீன்,
வருடத்துக்கு நான்கு கல்யாணம்.
அதற்குப் பழசே போதும்.
சொல்லப்போனால் பழசே அதிகம்.

சனிக்கிழமை நாற்பது நிமிடம் வெளிச்சம் வந்தது.
கல்சோயின் வடமுனைக்கு ஓடினேன்.
பஃபின் பறவையை விட்டுவிட்டு
பஃபின் இருந்த இடத்தைத் துல்லியமாகப் பிடித்தது.
குளிரில் பேட்டரி பாதியில் கைவிரித்தது.
வீட்டில் ஒவ்வொரு படமும் திறப்பதற்குள்
காபி ஆறி, மடிக்கணினி மூச்சு வாங்கியது.
வேண்டாம் என்று எழுதிவிட்டேன், காகிதத்தில், பேனாவால்,
அடிக்கோடும் போட்டு.

பிறகு சும்மா
ஓடைக்கு அப்பால் உள்ள பாறையின் நிழலைத்
தூக்கிப் பார்த்தேன்.
கரிப்பிடித்த சட்டியாக இருந்த இடத்தில்
புல் இருந்தது.
ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக நனைந்திருந்தது.
புல்லின் நடுவில் வெள்ளையாக ஒன்று.

"செவ்வாயிலிருந்து தேடுகிறேன்" என்றான் பெய்னிர்,
திரையில் எண்ணெய் விரலை வைத்து.
"காதைக் காட்டு."
நுனி வெட்டியிருந்தால் அவனுடையது.
பின்பக்கம் பிளந்திருந்தால் துரோந்துருடையது.
வேலிச் சண்டைக்குப் பிறகு மூன்று வருடமாக
எதிரில் வந்தாலும் கடலைப் பார்க்கும் துரோந்துர்.
பெரிதாக்கினேன்.
"இன்னும்."
இதற்குமேல் இல்லை.
காது மொத்தம் மூன்று புள்ளிகள்:
இரண்டு கறுப்பு, ஒன்று சாம்பல்.
இவ்வளவு பணத்துக்கு
ஒரு சந்தேகம்தான் வாங்க முடிந்தது,
ஆனால் எவ்வளவு கூர்மையான சந்தேகம்!

கயிற்றை எடுத்துக்கொண்டு போனவன்
துரோந்துரின் கதவைத் தட்டினான்.
தனி ஆளாக அந்தப் பாறையில் இறங்க முடியாது,
அவ்வளவுதான் காரணம்.
இருவரும் இறங்கியதை நான் படம் எடுக்கவில்லை.
கயிற்றின் மறுமுனை என் கையில்.

ஆடு பாதிரியாருடையது.

திரும்பும் வழியெல்லாம்
கயிறு யாருடையது என்று சண்டை போட்டார்கள்.
மூன்று வருடத்துப் பேச்சு
ஒரே மலைச்சரிவில் இறங்கியது.
"இதற்கு ஒரு பைனாகுலர் போதுமே" என்றான் தம்பி வாசலில்,
என் பக்கம் திரும்பாமல்.
அதுவும் சரிதான்.
ஆனால் அந்த ஓடைக்கரையில்
பைனாகுலரோடு நான் எதைத் தேடியிருப்பேன்?
தேடாமல் கிடைத்ததைத்
தராசின் எந்தத் தட்டில் வைப்பது?

ஞாயிறு இரவு மீண்டும் நிறுத்தேன்.
ஐந்து கிராம் கூடியிருந்தது.
பட்டையில் ஊறிய மழை,
கொஞ்சம் கம்பளி மயிர்,
இல்லையென்றால் மீன் தராசின் பொய்.
துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.
வங்கி அட்டையையும் எடுத்துக்கொண்டேன்.

காலை ஆறு நாற்பது படகில்
இரண்டும் என் மடியில்.