மாதிரி

நாரஹேன்பிட்டியில் ஓர் ஆய்வுகூடம்.
சிவப்பு மூடிப் போத்தலைத் தந்த தாதி
சிங்களத்தில் ஏதோ சொல்லி, பிறகு
தமிழில் ஒரு சொல் தேடி
"மாதிரி" என்றாள்.
யார் மாதிரி என்று கேட்கத் தோன்றியது.

அறைக்குள் ஒரு கதிரை, கைகழுவும் தொட்டி,
போன வருடத்துக் கலண்டரில் ஒரு நீர்வீழ்ச்சி.
கதவின் பின்னால்
வைஃபை கடவுச்சொல் எழுதி ஒட்டியிருந்தது.
எதை நம்பி ஆண்கள் உள்ளே வருகிறார்கள் என்று
அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் போன் திருத்துகிறவன்.
புறக்கோட்டை, முதலாம் குறுக்குத்தெரு,
இரண்டரை அடிக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால்
பதினொரு வருடம்.
வெடித்த திரை, ஊதிய பற்றரி, பிளேன்டீ குடித்த ஸ்பீக்கர்.
ஊராரின் இரவுகள் என் உள்ளங்கையில் திறந்து கிடக்கும்.
பார்க்காத மாதிரி மூடிக் கொடுப்பேன்.

என்னுடையதும் அந்த இரவுகளில் ஒன்றுதான்.
கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
பவதாரணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள்,
முதுகில் என் திரையின் நீலம்.
உடம்பில் வேறெதுவும் எழும்பாத நாட்களிலும்
பெருவிரல் மட்டும் விறைப்பாய் இருக்கும்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.
"எண்ணிக்கை குறைவு. ஓட்டமும் மந்தம்.
போனை எங்கே வைக்கிறனீங்கள்?"
இடது பொக்கற்றைத் தொட்டுக் காட்டினேன்.
வேலைநாளில் அதற்குள் இரண்டு, சிலநேரம் மூன்று.
"அதுதான் காரணமென்று அடித்துச் சொல்லமாட்டன்.
ஆராய்ச்சிக்காரரே இன்னும் வழக்காடுகினம்.
எண்டாலும் வெளியில எடுங்கோ. நேரத்துக்குப் படுங்கோ.
மூன்று மாதத்தால வாங்கோ."
அவர் சொல்லி முடிக்குமுன் தொடை அதிர்ந்தது.
கை பாய்ந்தது.
போன் மேசையில் கிடந்தது,
சத்தம் சலனமின்றி.

மூன்று வருடமாக அம்மா
பவதாரணியைத்தான் கூட்டிக்கொண்டு திரிந்தா.
கதிரேசன் கோயில், கொச்சிக்கடை அந்தோனியார்,
வெறும்வயிற்றில் ஸ்கான், செவ்வாய் விரதம்.
ஆடி வேலுக்கு வந்த சனமெல்லாம்
அவள் வயிற்றைத்தான் பார்த்தது.
என்னிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.
நல்லதென்று இருந்துவிட்டேன்.

அறிக்கை போனுக்குத்தான் வந்தது.
கடவுச்சொல் போட்டுத் திறந்து
அவளிடம் நீட்டினேன்.
கலியாணம் முடித்து
நான் அவளுக்குத் திறந்து கொடுத்த முதல் திரை.
இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி
ஓர் எண்ணிலேயே நின்றாள்.
பிறகு எழும்பிப் போய்
குசினியில், அரிசி வாளிக்கு மேலே வைத்துவிட்டு வந்தாள்.

இருட்டு.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.
எத்தனை மணியென்று பார்க்க வழியில்லை.
"உங்களுக்கு முந்தியே சந்தேகம் இருந்ததா?"
முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

பதில் தேடினேன்.
போர்வையின் ஓரத்தை
மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது
பெருவிரல்.