முன்கை

பேரணாம்பட்டிலிருந்து ஐந்தரை பஸ்.
குடியாத்தம் வரை என் மடியில் தூங்கினாள்.
கண்டக்டர் அரை டிக்கெட்கூடக் கேட்கவில்லை,
ஒன்பது வயசு என்று நானும் சொல்லவில்லை.
அந்தப் பதினெட்டு ரூபாய்
வேலூர் போய்ச் சேரும்வரை உறுத்தியது.

ஆஸ்பத்திரிச் சுவரில் மரக்கட்டை இறங்கி
இவள் உச்சந்தலையில் உட்கார்ந்தது.
நர்ஸ் ஒரு புள்ளி வைத்தாள்
வளைந்து போகும் கோடுகளுக்கெல்லாம் கீழே,
வெறுந்தாளில், தனியாக.

நான் தயாராகத்தான் வந்திருந்தேன்:
முட்டை கொடுக்கிறேன், கேழ்வரகுக் கூழ் கொடுக்கிறேன்,
பாலில் தண்ணீர் ஊற்றுவதில்லை.
யாரும் கேட்கவில்லை.
டாக்டரம்மா இவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
"உங்க கையை நீட்டுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது.
இது மிஷின் கை, மேடம்.
ஷூ கம்பெனியில் பதினாறு வருஷம்
மேல்தோல் தைத்து வளைந்தது.
ஜெர்மனிப் பிள்ளைகளுக்குப் போகிற சரக்கு;
ஒன்பது வயசுக்கு முப்பத்துநாலாம் நம்பர்.
இவளுக்கு இருபத்தொன்பதே தொளதொள.

அவர் சிரிக்கவில்லை.
எலும்பு துருத்திய இடத்தில் விரல் வைத்து
எப்போதிருந்து என்றார்.
வயசுக்கு வந்த வருஷம்
வளையல்காரர் இந்தக் கையோடு மல்லுக்கட்டியது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
மிஷினில் உட்கார்ந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து.

மூன்று வாரத்தில் ரத்தம் பதில் சொன்னது.
ஒரு ஜீன். ரெண்டு பிரதி இருக்கவேண்டியது,
எங்கள் ரெண்டு பேரிடமும் ஒன்றுதான்.
ஷாக்ஸ் என்றார் பெயரை;
சாக்ஸ் என்றே என் காதில் விழுந்தது.
தாளில் குடும்பத்தை வரைந்தார்,
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
இவள் வட்டத்தைப் பேனாவால் நிரப்பினார்,
அடுத்து என்னுடையதை.
ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு சுண்டுகிற மாதிரி,
யார் தப்பும் இல்லை என்றார்.
நல்லவேளை, நாத்தனார் கூட வரவில்லை.

ஊசி இருக்கிறதாம். தினம் ராத்திரி, வருஷக்கணக்கில்.
விலையைச் சொன்னபோது
தரை டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்த ரோஸ்லின்
திடீரென்று, எவ்வளவு வளருவேன் என்றாள்.
கொஞ்சம், கண்ணு.
கொஞ்சம்னா, போர்டில் தேதி எழுதற அளவுக்கா?

"உங்ககூடப் பிறந்தவங்க?"
என் வட்டத்துக்குப் பக்கத்தில்
ஒரு சதுரம் காலியாக நின்றது.

அண்ணன். ஆமோஸ்.
இதே வேலூரில் போலீஸ் செலக்‌ஷன்,
ரெண்டு தடவை, ரெண்டே ரெண்டு சென்டிமீட்டர்.
புளியங்கிளையில் தொங்கித் தொங்கி
உள்ளங்கை உரிந்து வருவான்.
முயற்சி போதாது, சோம்பேறி என்று
சாகும்வரை சொன்னார் அப்பா.
நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டேன்.
ஏ.டி.எம். வாசலில் இருப்பான் இந்நேரம்,
விரல் நுனிவரை இறங்குகிற செக்யூரிட்டி சட்டையில்.
"பாப்பாவுக்கு என்னவாம்?"
சொல்றேன் அண்ணா.
முதலில் சட்டைக் கையைச் சுருட்டு.
அவ்வளவு இல்லை, முழங்கைக்கு மேலே.
இப்போ கையை நீட்டு.
நீட்டிட்டியா?