மும்முனை மின்சாரம்

கோட்டூர்ப் பக்கம் மும்முனை மின்சாரம்
ராத்திரி பதினொன்றுக்கு வரும், வந்தால்.
சிவப்பு, மஞ்சள், நீலம்
மூன்று விளக்கும் எரிந்ததும்
பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு
நாலு மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.
மடை மாற்ற வேண்டும்.
தூங்கக் கூடாது.

முதல் புத்தகத்தைத் தடிமன் பார்த்துத்தான் எடுத்தேன்.
நூலகத்தில் மெஹருன்னிசா
"இந்த எழுத்தாளர் பிடிக்குமா?" என்றாள்.
"எத்தனை ராத்திரி தாங்கும்?" என்றேன்.
கொசுவர்த்தி, பிளாஸ்க், டார்ச் கட்டை,
அந்த வரிசையில் இன்னொரு சாமான்.

சலாலாவிலிருந்து அவர் கூப்பிடுவார்.
தண்ணி ஏறுச்சா
உரம் வாங்கியாச்சா
பிள்ளைக்குச் சளி விட்டுச்சா
சொசைட்டிக்குப் போனியா.
பிரியம்தான், தெரியும்.
அவருக்குப் பிரியம் கேள்வியாகத்தான் வரும்.

புத்தகத்தில் ஒருத்தி
பனி கொட்டும் ஊரில்
ரயிலைத் தவறவிட்டு நிற்கிறாள்.
அவளுக்கு நான் டீ போட வேண்டியதில்லை.
அடுத்த வண்டி எப்போதென்று விசாரிக்க வேண்டியதில்லை.
அவள் நிற்கிறாள்.
நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
என்னிடம் ஒன்றுமே கேட்காத வாக்கியங்கள்
உலகத்தில் இத்தனை இருக்கின்றன என்று
முப்பத்தேழு வயதில் தெரிந்தது.

அந்த ராத்திரிதான் வரப்பு உடைத்துக்கொண்டது.
தண்ணீர் தெற்கே இறங்கி
முந்தின நாள் தங்கையன் விதை தெளித்த நாற்றங்காலில் ஏறி
முளை கட்டிய நெல்லையெல்லாம்
ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டது.

விடியலில் வந்து நின்றார்.
"கண்ணசந்துட்டீங்களா?"
அவரே எடுத்துக் கொடுத்தார்.
தூங்கியிருந்தால் மன்னிப்பு உண்டு.
பாவம், ஒத்தை ஆளு, உடம்புதானே.

"இல்லண்ணே, படிச்சிக்கிட்டிருந்தேன்."

ஓர் ஆம்பிளை பேரைச் சொன்னது போல
என்னைப் பார்த்தார்.

அரை மூட்டை விதைநெல் கொடுத்தேன்.
அன்றைக்குப் படித்தது அறுபத்திரண்டு பக்கம்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
ஞாயமான விலைதான்.

இப்போது மோட்டாரில் சிம் கார்டு போட்ட பெட்டி.
சலாலாவில் இருந்தபடியே
அவர் போனில் தட்டினால்
இங்கே தண்ணீர் கொட்டுகிறது.
மடைக்குக் கதவு வைத்தாயிற்று.
கொட்டகைக்கு யாரும் போகத் தேவையில்லை.

போகிறேன்.

ஏன் என்று கேட்டால்
எலி வயரைக் கடிக்கிறது என்கிறேன்.
ஒரு தரம் உண்மை சொல்லி
அரை மூட்டை போனது போதும்.

எலி இருப்பதும் நிஜம்தான்.
நூற்றுப் பதினான்காம் பக்கத்து ஓரத்தை
அதுதான் தின்றிருக்கிறது.
ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் இல்லை.
மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது,
நான் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்க்கிறேன்.