ஐந்தாவது ஆணி

நீரோடி. இதற்கு மேல் தமிழ்நாடு இல்லை.
மேற்குக் கோல்கம்பத்தைத் தாண்டிப் பந்து போனால்
கேரளத்தில் போய் எடுத்து வரவேண்டும்.

பழைய கிளப்பைக் கடல் கொண்டுபோன பிறகு
கட்டிய புதுக் கிளப்பில்
படம் மாட்ட ஐந்து ஆணி அடித்தோம்.
நாலில் சண்டையில்லாமல் ஏறிவிட்டது:
நாலு பேரும் செத்து முப்பது வருசம்,
அவர்கள் ஆடியதைப் பார்த்தவர்களும் செத்துப்போனார்கள்.

ஐந்தாவதுக்குத்தான் இந்தக் கூட்டம்.
பதினாறு உறுப்பினர், ஆளுக்கொரு சீட்டு,
பன்னிரண்டு விழுந்தால் படம்.
மீன் வைக்கும் தெர்மகோல் பெட்டி ஓட்டுப்பெட்டி.
எண்ணுவது நான். பழைய ரெஃபரி,
என்னை எவருக்கும் பிடிக்காது,
ஆகவே நம்பினார்கள்.

முதல் பேர் அந்தோணியடிமை.
சுண்டுவிரல் ஒடிந்த கையால்
மூன்று பெனால்டி பிடித்த கீப்பர்.
‘பாறசாலை ஃபைனலையும் சொல்லும் வோய்’
என்றது பின்வரிசை.
காலிடுக்கில் பந்தை விட்டான்,
அடுத்த மாசம் அவன் வள்ளத்தில் புது எஞ்சின்.
‘சொசைட்டிக் கடன் அது. ரசீது இருக்கு.’
‘பதினாறு வருசமா இருக்குண்ணுதான் சொல்லுத,
ஒருநாள் கொண்டாயேன்.’
அவன் எழுந்திருக்கவில்லை.
மடங்காத விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிலேந்திரன். இடது கால்.
பொழியூரில் பெண்ணெடுத்து
பொழியூருக்கே ஆடப் போனவன்,
நம் வலைக்குள் மூன்று கோல் போட்டவன்.
வீடு என்னவோ இருநூறு மீட்டர் தள்ளித்தான்.
‘பெண்ணெடுத்தது தப்பில்ல,
ஜெர்சி எடுத்ததுதான்.’

குரூஸ் பேர் வந்ததும் குரல்கள் இறங்கின.
இரண்டே சீசன், ஒன்பது கோல்.
இருபத்திரண்டு வயதில் தங்கலுக்குப் போன போட்டு
திரும்பவில்லை.
‘இருந்திருந்தா சந்தோஷ் டிராபி ஆடியிருப்பான்.’
‘இருந்திருந்தாண்ணு ஒரு கோல் எண்ண முடியுமா?’
கேட்டது அவன் அண்ணன் மரியதாசன்.
‘வீட்ல ஒரு படம் கெடக்கு.
அதுக்கு மெழுகுதிரி வாங்கியே அம்மைக்குத் தீரல்ல.
இங்கயும் வேண்டாம்.’

அப்புறம் யாரோ, டீ கிளாஸைக் கீழே வைத்தபடி,
ராயப்பன் என்றார்கள்.
ஸ்டாப்பர். பதினெட்டு சீசன்.
சொல்ல ஒரு கதை எவரிடமும் இல்லை.
கிளப் நோட்டில் அவனுக்கென்று ஒரு வரி இல்லை:
விழாத கோலை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
‘அடுத்த பேரைச் சொல்லுங்க, கரண்டு போவும்’
என்றான் ராயப்பனே.

குரூஸ் ஏழு. அந்தோணியடிமை ஐந்து. பிலேந்திரன் மூன்று.
ராயப்பன் ஒன்று.
அந்த ஒன்றில் எழுத்து கோணிக் கிடந்தது,
ஒரு விரல் மடங்காத கை எழுதியதுபோல.
பன்னிரண்டு யாருக்கும் இல்லை.
அடுத்த திருவிழாவுக்குப் பார்க்கலாம் என்று
செருப்பு தேடினார்கள்.

ராத்திரி பொழியூரிலிருந்து போன்.
ஒரே கடல், இரண்டு காதிலும் கேட்டது.
‘எனக்கெத்தன?’
‘மூணு.’
‘போட்ட கோலுக்கு ஒண்ணு வீதம்’, சிரித்தான்.
‘ராயப்பனுக்கு?’
‘ஒண்ணு.’
கொஞ்ச நேரம் அலை மட்டும்.
‘அந்த மூணு கோலும் எந்த வருசம்ணு நோட்டைப் பாரும்.
அவன் கால்ல மாவுக்கட்டு போட்டுக் கெடந்த வருசம்.
அதுக்கு முன்னயும் பின்னயுமா ஏழு மேட்ச்.
ஒருக்கா தாண்டல்ல வோய் அவன.’

பார்த்தேன். சரிதான்.
ஆனால் விசில் ஊதிய பிறகு கோல் கிடையாது,
எத்தனை பேர் சட்டையைப் பிடிக்க வந்தபோது
நானே சொல்லியிருக்கிறேன்.

காலையில் கிளப்பைத் திறக்கப் போனால்
திறந்திருந்தது.
நேற்றைய டீ கிளாஸ்களைப் பொறுக்கி
ராயப்பன் கூட்டிக்கொண்டிருந்தான், வெற்றுடம்போடு.
ஐந்தாவது ஆணியில் அவன் சட்டை.

எடுக்கச் சொல்லவில்லை நான்.