தாக்கம்: மிதமானது

ஏப்ரல். காலை ஐந்தே கால்.
ஸ்டேன்பெக் ஆற்றின் வடகரை.
பூட்சுக்குள் தண்ணீர்.
டர்ஹம் மாவட்டக் குளிருக்கு
என் மூன்று ஸ்வெட்டரும் ஒரு பொருட்டில்லை.

படிவம் ஏழு, பிரிவு நான்கு:
பாதுகாக்கப்பட்ட பள்ளத்தாக்கு, நிலத்தின் தன்மை.
கடைசியில் ஒரு கட்டம், அதில் நான்கு சொற்கள்.
கடுமையானது. மிதமானது. சிறியது.
பொருட்படுத்தத் தகாதது.
ஒன்றை மட்டும் வட்டமிட வேண்டும்.

கொண்டை வைத்த ஆட்காட்டி ஒன்று
புல்லிலிருந்து எழும்பி
என் தலைக்கு மேல் கத்திச் சுற்றுகிறது.
பெயருக்கேற்ற வேலை.
ஆள் வந்திருக்கிறது, ஆள் வந்திருக்கிறது.
யார் அனுப்பிய ஆள் என்று அதற்குத் தெரியாது.
சுரங்கம் கேட்கும் கம்பெனிதான்
சுரங்கம் வந்தால் என்ன ஆகும் என்று எழுத
எனக்குச் சம்பளம் தருகிறது.
நடைமுறை அப்படி. என் வீட்டு வாடகையும் அப்படி.

பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது:
நிலமும் பொழுதும் முதல்.
புள்ளும் மரமும் நீரும் தொழிலும் கரு.
அங்கே மனசுக்குள் நடப்பது உரி.
முதலுக்கு வரைபடம் இருக்கிறது.
கருவுக்கு இணைப்பு ஆ, பதினான்கு பக்கம்.
உரிக்கு இடம் விடவில்லை.
இவர்களுக்குக் கருப்பொருள் ஒன்றே ஒன்றுதான்,
முப்பது மீட்டர் ஆழத்தில்,
ஐந்து லட்சம் டன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஹெஸ்லப்.
"எத்தனை கூடு?"
"ஒன்பது."
"பத்து. முள்வேலி ஓரம் பார்த்தாயா?
போன வாரம் டிராக்டரைச் சுற்றிக்கொண்டு போனேன்."
கீழ்வயலைக் கம்பெனிக்கு
எழுதிக் கொடுத்தவரும் இவர்தான்.
இரண்டும் ஒரே கை.
நான் எதுவும் கேட்கவில்லை.
அறிக்கையில் ஒன்பது என்றே போயிற்று,
முள்வேலி என் எல்லைக்கோட்டுக்கு
நாலடி வெளியே.

நான் வட்டமிட்டது கடுமையானது.
லீட்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தது:
மிதமானது என்று சொல்ல முடியுமா, பார்.
பார்த்தேன்.
சொல்ல முடிந்தது.

செப்டம்பர். விசாரணை, நூலக மாடியில்.
நாற்காலி போதாமல் ஜன்னல் திட்டில் ஆட்கள்.
வழக்கறிஞர் லாங்ஸ்டாஃப்
ஒரு பழைய படத்தை நீட்டுகிறார்.
கரிய குன்று. ஒரு புல் இல்லை.
"எந்த இடம் இது?"
"வடகரை. நான் கூடு எண்ணிய புல்வெளி."
"பழைய சுரங்கத்தின் கழிவு மேடு, இல்லையா?
அப்படியானால் நீங்கள் காப்பாற்றச் சொல்லும் நிலத்தை
உண்டாக்கியதே நிலக்கரிதானே?"

பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார்.
எனக்கும் ஒரு கணம் சரி என்றே பட்டது.
தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
"யாரும் உண்டாக்கவில்லை, சார்.
அறுபது வருஷம் சும்மா விட்டார்கள்.
உங்கள் சீரமைப்புத் திட்டத்தில்
மண் எத்தனை லாரி, விதை எத்தனை கிலோ,
எல்லாம் இருக்கிறது.
சும்மா விடுவது எந்தப் பக்கத்தில்?"

அவர் பக்கம் புரட்டவில்லை.
என் பக்கத்தைப் புரட்டினார்.
"மிதமானது. இது உங்கள் கையெழுத்துதானே?"
"ஆமாம்."

என் ஆமாம் அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றது.
ஜன்னல் திட்டில், மடியில் தொப்பியோடு ஹெஸ்லப்.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
தொப்பியின் விளிம்பை எண்ணிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வசந்தத்தில் வருமாம்.
ஆட்காட்டிகள் அதற்கு முன்பே வந்துவிடும்.
எழும்போது விசாரணை அதிகாரி கேட்டார்,
வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று.
இரண்டு திருத்தம் என்றேன்.
பக்கம் நாற்பத்தொன்று. கூடு ஒன்பது அல்ல,
பத்து.
இரண்டாவதைச் சொல்ல
அந்தக் கட்டத்தை மறுபடி திறந்தேன்.
நான்கு சொற்களும் அங்கேயே இருந்தன.