மேலே ஒன்று, கீழே நாலு

ஏட்டி முப்பிடாதி,
முதலில் போன் வெளிச்சத்தைக் குறை.
பட்டுப் பிரிவில் சுவரெல்லாம் கண்ணாடி,
உன் மூஞ்சி நீலமாய் விழுதது
கல்லா வரைக்கும் தெரியும்.

பேர் கேட்கும். சொந்தப் பேர் கொடுக்காதே.
நான் 'ரவிக்கைத்துணி' என்று வச்சிருக்கேன்.
வடக்கு ரத வீதியில் ஒன்பது வருசமாய்
மேட்சிங் பிளவுஸ் கிழிச்சுக் கொடுக்கிறவளுக்கு
வேறென்ன பேர் பொருந்தும்?

சக்கரம் சுத்தும், ஆள் தேடும்.
எதிராளி வருவார். முகம் இருக்காது,
ஒரு கரடியோ நரியோ இருக்கும்.
நான் கிளி.

மேலே ஒரு படம்.
கீழே நாலு.
எது சேருமோ அதைத் தொடணும், பத்து நொடிக்குள்ளே.
மொத்தம் பத்துக் கேள்வி.
முந்தினவங்களுக்குக் காசு கூட விழும்,
ஒரு கிளாஸ் டீக்கு ஆகாத காசு.

சுலபம் என்று நினைக்காதே.
போன வாரம் மேலே மணி.
கீழே கோவில், கடிகாரம், யானை, முத்து.
நாலும் சேரும்ட்டி!
நான் முத்தைத் தொட்டேன்.
மணிமுத்தாற்றில் குளிச்ச உடம்பு, கை தானாய்ப் போச்சு.
தப்பு. கடிகாரமாம்.
கேட்டவன் மனசில் இருக்கிறதுதான் விடை.
நம்ம கடையில் மட்டும் என்ன வாழுது?
அரக்குச் சேலைக்கு மேட்சிங் கேட்பா,
அதே அரக்கை எடுத்துப் போட்டால்
'இதென்ன, ஒண்ணு போல இருக்கு' என்பா.
மாம்பழ மஞ்சளைப் போடு,
'ஆங், இதுதான் மேட்சிங்.'

நிறத்தை நம்பாதே.
கடையில் சந்தேகம் வந்தால் சேலையை
வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடிச்சுப் பார்ப்போம்.
டியூப்லைட்டுக்குக் கருநீலம், ரத வீதிக்கு ஊதா.
இந்த விளையாட்டுக்கு வாசல் கிடையாது.

தெரியாத படம் வந்தால் குறிப்பு வாங்கலாம்,
ஐம்பது காசு.
காசில்லையா, ஒரு விளம்பரம் பார்க்கணும்.
வேண்டாம்.
கைக்குட்டைப் பெட்டிக்குள்ளிருந்து
'உடனடிக் கடன் வேண்டுமா' என்று ஒருத்தி கத்தித்தான்
சுகந்தி மாட்டினாள்.

இனிச் சொல்லுததை யார்ட்டயும் சொல்லாதே.
கரடி ஒன்று வரும், பேர் 'எட்டுமுழம்'.
மத்தியானம் மூணு மணிக்கு,
கூட்டம் ஓய்ஞ்ச நேரத்தில்.
ஒருநாள் மேலே பாளை வந்தது, வெடிச்ச தென்னம்பாளை.
கீழே சீப்பு, துடைப்பம், கோட்டை, தேன்கூடு.
வெளியூர்க்காரன் என்றால் துடைப்பத்துக்குப் போவான்.
நானும் எட்டுமுழமும்
ஒரே நொடியில் கோட்டையைத் தொட்டோம்.
ஓகோ, நம்ம பக்கத்து ஆள்.
அடுத்ததில் நான் முந்தினேன்.
கல்லாவில் அண்ணாச்சி 'ச்சே' என்று மேசையைத் தட்டினார்.
அதுக்கடுத்ததிலும் முந்தினேன்.
பில் புத்தகம் குதிச்சுக் கீழே விழுந்தது.

எட்டு மாசமாய் ஜெயிச்சுக்கிட்டிருக்கேன்.
'ரவிக்கைத்துணி' யார் என்று
அவருக்குத் தெரியாது என்றுதான் நினைச்சேன்.

ஆனால் முன்பணம் கேட்கிற அன்றைக்குத்
தோற்கணும். இது எழுதாத விதி.
நேற்று மகளுக்குக் காலேஜ் பீஸ், பன்னிரண்டாயிரம்.
மூணு மணிக்குக் கரடி வந்தது.
மேலே பூட்டு. கீழே சாவி இருந்தது,
நான் தவளையைத் தொட்டேன்.
அவர் குடையைத் தொட்டார்.
ஊசிக்கு நூல் இருந்தது,
நான் ரயில், அவர் பூசணிக்காய்.
பத்துக் கேள்வியும் இப்படியே.
ரெண்டு பேருக்கும் பூச்சியம்.
'சமம்' என்று போட்டு
கலர்க் காகிதம் தூவினது திரை.

தலையைத் தூக்கினேன்.
அவர் கல்லாவைத் திறந்து
எச்சில் தொட்டு எண்ணிக்கிட்டிருந்தார்.
நான் இன்னும் கேட்கவே இல்லை.

சரி, மூணாகப் போகுது.
போனைச் சைலண்டில் போடு.
உன் படம் எது, முயலா?
எதிரில் வந்தால் பாவம் பார்க்க மாட்டேன், கேட்டியா.