தோல் கட்டும் நேரம்

முதல் நாள் வந்தவை எல்லாம் தலைப்பிரட்டைகள்.
எவர்சில்வர் கிண்ணத்தில் கால்சியம் கரைத்த தண்ணீர்,
அதில் வாலோடு மிதந்தன
பதினெட்டுத் துளி தாட்பூட் சாறு.
லிங்கம்மா எட்டிப் பார்த்து
"ஓடையில விடு, தவளையாயிடும்" என்றாள்.

சிரிஞ்சு அவள் கொடுத்தது.
கோத்தகிரி கால்நடை மருந்தகத்தில் வேலை.
மாட்டுக்குப் போடும் அளவு, ஊசி இல்லாதது,
புத்தம் புதுசு என்று மூன்று முறை சத்தியம் செய்தாள்.

கை தாழ்ந்தால் வால்.
கை உயர்ந்தால் விழுந்த வேகத்தில் அப்பளம்.
நடுவே ஒரு சாண்,
அதுவும் என் சாண் இல்லை,
லிங்கம்மாவின் சாண்.

இரண்டாம் நாள் எதுவுமே திரளவில்லை.
பஸ் ஸ்டாண்டை மேகம் விழுங்குவதுபோல
மஞ்சளாய்ப் பரவிக் காணாமல் போயிற்று.
புளிப்பு.
கடல்பாசியில் எடுத்த அந்த மாவு
ஆறாயிரம் அடி ஏறி வந்த பிறகும்
புளிப்பைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது.
சிட்ரேட் ஒரு சிட்டிகை போட்டுச்
சமாதானம் பேசினேன்.

"கால்சியம்னா எங்க கால்சியமா?" என்றாள்.
கன்று ஈன்ற பசு காது சில்லிட்டுப் படுத்துவிட்டால்
நரம்பில் ஏற்றுவார்களாம்.
கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று சாணி போடுமாம்.
"உன் ஜூஸும் எழுந்து நிக்குது, அவ்வளவுதானே?"

அவ்வளவுதான்.

எனக்கு நாளெல்லாம் புள்ளி வைக்கும் வேலை.
பதிப்பகம் அனுப்பும் பாடநூல் தாளில்
க-வா, க்-கா என்று பார்த்து
மொட்டைத் தலைக்கெல்லாம் புள்ளி வைப்பேன்.
மூன்றாம் நாள் சிரிஞ்சு நுனியிலிருந்து
அப்படி ஒன்று விழுந்தது.
வால் இல்லாமல்,
யாரோ வாசித்து முடித்த வரிக்குமேல் வைத்ததுபோல.

துளைக்கரண்டியில் மூன்றை அள்ளித்
தட்டில் வைத்தேன்: ஃ
"அஃது" என்றேன்.
"அதெல்லாம் இப்ப யாரு எழுதறா" என்று
உச்சிப் புள்ளியை எடுத்து வாயில் போட்டாள்.
தோல் உடைந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டிருக்கும்.
எருமை வாயைப் பிளந்து மருந்து ஊற்றும் கை
தன் வாயைப் பொத்திக்கொண்டது.

வெளியே மெய், உள்ளே உயிர்.
பள்ளியில் அது வெறும் அட்டவணை.

பேராசை வந்தது.
ஐஸ் தட்டில் உறையவைத்துச் சதுரம் போட்டேன்,
மூலைகளை விட்டுக்கொடுத்துத் தலையணை ஆனது.
நட்சத்திரம் போட்டேன்,
விரல் மடக்கிய கையுறை.
ஒரு குளிர்ப்பெட்டி நிறையப் பிடிவாதம் வைத்தாலும்
தண்ணீருக்குள் போனதும் எல்லாம்
உருண்டையைத்தான் யோசிக்கின்றன.

நல்லதாய் இருபது உருண்டை கிண்ணத்தில் இருக்கும்போது
போன் வந்தது.
நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு ற் தவறிவிட்டதாம்.
இருபது நிமிடம்.
திரும்பி வந்து கடித்தால் உள்ளே வரை தோல்.
உயிர் நின்று, மெய் மட்டும்,
பென்சில் முனை ரப்பர்போல.

லிங்கம்மா போய்விட்டிருந்தாள்,
யார் வீட்டிலோ பசு படுத்துவிட்டது.
நான் அவற்றைச் சர்க்கரையில் புரட்டி
ஒவ்வொன்றாய் மென்றபடி
நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தேன்.